விப்லாஷ் வலி மூன்று மாதம் கடந்தும் நீடித்தால்: ஒன்ராறியோவின் 3,500 டொலர் வரம்பிலிருந்து வெளியே வருவது எப்படி

பின்னால் வந்த கார் இடித்தது. கழுத்து ஒருமுறை முன்னும் பின்னுமாக உதறுப்பட்டது. இந்தக் காயத்தைத்தான் விப்லாஷ் என்பார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டு கிழமை பிசியோ முடிந்தது, வலி முடியவில்லை. கிளினிக் அடுத்த சிகிச்சைத் திட்டத்தை அனுப்ப, காப்புறுதி நிறுவனத்திலிருந்து கடிதம் வருகிறது: உங்களுடையது 'சிறு காயம்', 3,500 டொலருக்கு மேல் தர முடியாது.

பிணக்கு இந்தக் கடிதத்தில்தான் தொடங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கான பதில், கடிதம் வருவதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே உங்கள் குடும்ப வைத்தியரின் கணினியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அங்கே இல்லாத வலியைப் பிறகு எந்தச் சட்டத்தரணியாலும் கொண்டுவந்து சேர்ப்பது கடினம்.

இங்கே சொல்வதெல்லாம் ஒன்ராறியோ மாகாணத்துக்கு மட்டும். மொன்றியலில் இருக்கும் மச்சானின் அனுபவத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். கியூபெக்கின் முறை முற்றிலும் வேறு.

அந்த வரம்பு எங்கிருந்து வருகிறது

உங்கள் வாகனக் காப்புறுதியிலிருந்து வரும் விபத்து நன்மைகளை ஆளுவது ஒழுங்குவிதி 34/10. 2010 செப்டெம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிழை யாருடையது என்பது இதில் கேள்வியே இல்லை. நீங்களே போய் இடித்திருந்தாலும் சிகிச்சைச் செலவு கேட்கலாம்.

அந்த விதியில் 'சிறு காயம்' என்பதற்கு ஒரு வரைவிலக்கணம் இருக்கிறது: சுளுக்கு, தசை இழுபடல், விப்லாஷ், கண்டல், சிராய்ப்பு, வெட்டு, மூட்டு சற்று விலகல், இவற்றோடு மருத்துவ ரீதியாகச் சேர்ந்து வரும் பின்விளைவுகள். கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'பின்விளைவுகள்' என்ற சொல்லில்தான் சண்டை. மாறாத வலியும் விப்லாஷின் பின்விளைவுதான், ஆகவே 3,500 டொலருக்குள் அடங்கும் என்பது நிறுவனத்தின் வாதம். வலி இப்போது தனியொரு நோயாகி, ஆளின் வாழ்க்கையையே முடக்கிவிட்டது என்பது உங்கள் வாதம். வரம்பிலிருந்து வெளியே வந்தால், பாரதூரமற்ற காயங்களுக்கான கூடிய தொகை ஐந்து வருடத்துக்கு 65,000 டொலர். காப்புறுதி நிறுவனம் ஏன் இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறது என்பதற்கு இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரமே காரணம்.

கிளினிக்குகளில் இந்த வரம்பை 'மிக்' என்பார்கள். "நீங்கள் மிக்கில இருக்கிறியள்" என்று வரவேற்பு மேசையில் சொன்னால் இதைத்தான் சொல்கிறார்கள். மிக்கில் நான்கு கிழமை கொண்ட மூன்று கட்டங்களாக, மொத்தம் பன்னிரண்டு கிழமைச் சிகிச்சை. ஓசிஎஃப்-23 என்ற காப்புறுதிப் படிவத்தில் அது தொடங்கும்.

வெளியே வர உள்ள வழிகளில் முதலாவது, காயம் வரைவிலக்கணத்துக்குள் அடங்காதது. விப்லாஷை வைத்தியர்கள் நான்கு படிகளாகப் பிரிப்பார்கள். முதலாம் படியில் வலி, இறுக்கம் மட்டும். இரண்டாம் படியில் கழுத்து திரும்பும் அளவு குறைந்திருக்கும், தொட்டால் நோகும் இடங்கள் இருக்கும். மூன்றாம் படியில் நரம்பு சம்பந்தமான அறிகுறிகள்: கை பலவீனம், உணர்வு குறைதல், தசைநார் அனிச்சைகள் மந்தமாதல். நான்காம் படி எலும்பு முறிவு அல்லது விலகல். மூன்றும் நான்கும் ஒழுங்குவிதியின் விப்லாஷ் வரைவிலக்கணத்திலேயே இல்லை. தசைநார் முழுதாக அறுந்திருந்தாலும் சிறு காயம் அல்ல (பாதி கிழிந்திருந்தால் சிறு காயம்தான்). மூளை அதிர்ச்சியும், விபத்தால் வந்த மனநலப் பாதிப்பும் வேறு கணக்கு.

இரண்டாவது, விபத்துக்கு முன்பே இருந்த நோய். அது விபத்துக்கு முன்பே ஒரு மருத்துவப் பணியாளரால் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். 3,500 டொலருக்குள் சிகிச்சை நின்றால் முழுக் குணத்தை அந்த நோய் தடுக்கும் என்றும் காட்ட வேண்டும். "எனக்கு முந்தியே கழுத்துத் தேய்மானம் இருந்தது" என்று இப்போது சொல்வது போதாது.

மூன்றாவது, செயற்பாட்டு முடக்கத்தோடு கூடிய நாட்பட்ட வலி. இந்த வழிகாட்டியில் கூடுதலான இடம் இதற்குத்தான்.

மூன்றிலும் நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது, நிறுவனத்துடையது அல்ல.

முதல் கிழமை

காயம் பட்டிருந்தால், காருக்குச் சேதம் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் பொலிசில் அறிவிக்க வேண்டும். அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டியவர்கள்: 65 வயதும் அதற்கு மேலும் ஆனோர், கை கால் கூசுவோர், வேகமாக உருண்ட அல்லது தூக்கி எறியப்பட்ட வாகனத்தில் இருந்தோர், கழுத்தை இரண்டு பக்கமும் 45 பாகை திருப்ப முடியாதோர். ஒட்டாவாவில் உருவான கனேடியக் கழுத்தெலும்பு விதி கேட்பதும் ஏறத்தாழ இதையேதான். இவை எதுவும் இல்லாவிட்டால் எக்ஸ்ரே எடுக்காமலே அனுப்புவார்கள். அது அலட்சியம் அல்ல.

விபத்து நடந்து ஏழு நாளுக்குள் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவியுங்கள். படிவங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் விபத்து நன்மை விண்ணப்பமான ஓசிஎஃப்-1 திரும்பிப் போக வேண்டும். வேலை செய்ய முடியாவிட்டால் இயலாமைச் சான்றிதழான ஓசிஎஃப்-3 ஐ வைத்தியரோ பிசியோதெரபிஸ்ட்டோ கைரோபிரக்டரோ நிரப்பலாம். ஓசிஎஃப்-2 வேலை கொடுப்பவர் நிரப்ப வேண்டியது.

ஏழு நாளுக்குள் குடும்ப வைத்தியரிடம் போய், நோகும் இடங்கள் ஒவ்வொன்றையும் சொல்லிவிடுங்கள். கழுத்து அதிகமாக நோவதால் தோள்மூட்டையும் இடுப்பையும் சொல்லாமல் விடுவது வழக்கம். ஆறு மாதம் கழித்து இடுப்பு வலி பெரிதாகும்போது, "விபத்துக்குப் பிறகு ஐந்து மாதம் இடுப்பைப் பற்றி ஒரு வரி கூட இல்லை" என்று காப்புறுதி நிறுவனத்தின் பரிசோதக வைத்தியர் எழுதுவார். அதற்குப் பதில் சொல்வது மிகக் கடினம்.

கழுத்துப் பட்டியை நாட்கணக்கில் கட்டிக்கொண்டு இருக்காதீர்கள். எலும்பு முறியாத விப்லாஷுக்கு அசைவே மருந்து. நேராக இருந்து, வலி கடுமையாகாத எல்லைக்குள் தலையை மெதுவாக இடமும் வலமும் பத்துத் தரம் திருப்புவது, பகலில் சில மணிக்கு ஒருமுறை. நிமிர்ந்து படுத்து, "ஓம்" என்று தலையாட்டுவது போல நாடியைச் சற்றே உள்ளே இழுத்து 10 விநாடி பிடித்து விடுவது, பத்துத் தரம். இரண்டாவது பயிற்சியில் முன்கழுத்தின் வெளித்தசைகள் கயிறு மாதிரி எழுந்து நின்றால் பலமாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம், பாதியாகக் குறையுங்கள். தலைச்சுற்றோ கை மரத்துப்போவதோ வந்தால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் சொல்லுங்கள்.

'விறைப்பு' என்று சொல்லி விடாதீர்கள்

எங்கள் பேச்சுத் தமிழில் 'விறைப்பு' என்றால் இறுக்கமும்தான், மரத்துப்போவதும்தான். "கை விறைக்குது" என்று அம்மா சொல்வதை மகள் ஆங்கிலத்தில் 'இறுக்கம்' என்று மொழிபெயர்த்தால் வைத்தியரின் பதிவு இரண்டாம் படி விப்லாஷில் நின்றுவிடும். உண்மையில் இரண்டு விரல் மரத்துப்போயிருந்தால் அது மூன்றாம் படிக்கான அறிகுறி. நரம்புப் பரிசோதனை தேவை, ஒருவேளை எம்ஆர்ஐயும் தேவை. ஆகவே எந்த விரல், எந்த நேரம், தொட்டால் தெரிகிறதா இல்லையா, பொருள் கை நழுவி விழுகிறதா என்று பிரித்துச் சொல்லுங்கள். உளைவு, குத்து, எரிவு, மின்சாரம் அடித்த மாதிரி என்பவையும் ஒன்றல்ல. எரிவும் மின்சாரமும் நரம்புப் பக்கம் போகும், உளைவு தசை மூட்டுப் பக்கம் போகும்.

இன்னொன்று மரியாதை சம்பந்தப்பட்டது. "எப்படி இருக்கிறீங்கள்?" என்று வைத்தியர் கேட்டால், வாய் தானாகவே "பரவாயில்லை டொக்ரர்" என்று சொல்லிவிடும். அது பதிவில் 'முன்னேற்றம்' என்று விழும். பிறகு நிறுவனத்தின் பரிசோதகர் அந்த ஒரு வரியை எடுத்து அறிக்கையில் போடுவார். "போன மாதம் போலவே இருக்கிறது, 20 நிமிடத்துக்கு மேல் இருந்து வேலை செய்ய முடியவில்லை" என்று சொன்னால் அதுவும் அப்படியே பதிவில் விழும். கூட்டிச் சொல்ல வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

நீரிழிவு மருந்து எழுத, தடுப்பூசி போட என்று வேறு காரணத்துக்குப் போனாலும் கழுத்தைப் பற்றி ஒரு வசனம் சொல்லிவிட்டு வாருங்கள். விபத்துக்குப் பிறகு எட்டுத் தரம் வைத்தியரிடம் போயும் கழுத்து இரண்டு தரம்தான் பதிவாகியிருக்கிறது என்றால், பிணக்கைக் கேட்கும் தீர்ப்பாளர், கழுத்து பதிவாகாத அந்த ஆறு தரத்தைத்தான் பார்ப்பார்.

எம்ஆர்ஐயில் ஒன்றும் இல்லை, ஆனாலும் வலிக்கிறது

கழுத்தெலும்புகளின் பின்பக்கத்தில் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன மூட்டுகள் இருக்கின்றன. பின்னாலிருந்து இடிபடும்போது அவை ஒன்றோடொன்று நசுங்கி, சுற்றியிருக்கும் உறை இழுபடும். அந்தக் காயம் பெரும்பாலும் எக்ஸ்ரேயிலோ எம்ஆர்ஐயிலோ தெரியாது. மேல் மூட்டுகள் பாதிக்கப்பட்டால் பிடரியிலிருந்து தலைவலி கிளம்பும், கீழ் மூட்டுகள் என்றால் தோள்பட்டைக்கு இறங்கும். மாதங்கள் போக, வலியைக் கடத்தும் நரம்பு அமைப்பே கூருணர்வு பெற்று, சாதாரணத் தொடுகையும் நோவாகத் தெரியலாம். படம் சுத்தமாக இருப்பதால் வலி பொய் என்று ஆகாது. ஆனால் படத்தை மட்டும் நம்பி வழக்கு நடத்தவும் முடியாது.

மாறாக எம்ஆர்ஐயில் 'தேய்மானம்' என்று வந்தால் பலர் சந்தோஷப்படுகிறார்கள். நிறுவனம் அதைவிடச் சந்தோஷப்படும். நாற்பது தாண்டிய பலருக்கு வலியே இல்லாமல் தேய்மானம் இருக்கும், விபத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று எழுதிவிடுவார்கள். ஆகவே, விபத்துக்கு முன் இந்தக் கழுத்தோடு என்ன வேலை செய்தார், இப்போது என்ன செய்ய முடியவில்லை என்பதை வைத்தியர் தன் கடிதத்தில் சேர்த்து எழுத வேண்டும்.

மூன்று மாதம் ஆனவுடன் குடும்ப வைத்தியரிடம் இரண்டைக் கேளுங்கள். நாட்பட்ட வலி என்று அவர் கருதினால் அந்த நோய்ப்பெயரைப் பதிவில் இடச் சொல்லுங்கள். உடலியக்க மருத்துவ நிபுணருக்கோ வலிச் சிகிச்சை நிலையத்துக்கோ பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். காத்திருப்பு மாதக்கணக்கில் இழுக்கலாம், ஆனால் பரிந்துரைத்த திகதியே ஒரு சான்று. வலி நிலையத்தில் சிறு மூட்டுகளுக்குப் போகும் நரம்பை ஊசியால் இரண்டு தரம் தற்காலிகமாக மரக்கச் செய்து பார்ப்பார்கள். இரண்டு தரமும் வலி தெளிவாகக் குறைந்தால் அந்த நரம்பை வானொலி அலைச் சூட்டால் செயலிழக்கச் செய்யலாம். நரம்பு மீண்டும் வளரும் என்பதால் பல மாதங்களில் வலி திரும்பலாம். சோதனை ஊசி இல்லாமல் கிழமைக்குக் கிழமை பொதுவான ஊசிகள் மட்டும் போடும் இடமாக இருந்தால், திட்டம் என்ன, எப்போது நிறுத்துவீர்கள் என்று கேளுங்கள்.

ஆறு அளவுகோல்

வலி மூன்று மாதம் கடந்துவிட்டது என்பது மட்டும் போதாது. இந்தப் பிணக்குகளைக் கேட்கும் உரிம மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் செயற்பாட்டு முடக்கத்தைத் தேடுகிறது. அதை அளக்க, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இயலாமை மதிப்பீட்டு வழிகாட்டியின் ஆறாம் பதிப்பிலுள்ள ஆறு அளவுகோல்களைப் பல தீர்ப்பாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். கட்டாயமான சட்டம் அல்ல, ஆனாலும் ஆறில் குறைந்தது மூன்று பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள்:

1. மருந்தை உரிய காலத்துக்கு மேல் எடுப்பது, அல்லது மருந்துக்கோ வேறு பொருளுக்கோ அடிமைப்படுவது.
2. வைத்தியர்களிலோ துணைவரிலோ குடும்பத்திலோ அளவுக்கு மீறித் தங்கியிருப்பது.
3. வலிக்குப் பயந்து அசையாமல் இருந்து உடல் பலம் குன்றுவது.
4. வேலை, பொழுதுபோக்கு, சமூகத் தொடர்புகளிலிருந்து விலகுவது.
5. முன்பிருந்த செயற்திறன் திரும்பாமல், வேலைக்கோ குடும்பத்துக்கோ உடல் ஈடுகொடுக்காமல் போவது.
6. பதற்றம், பயம், மனச்சோர்வு போன்ற உளவியல் விளைவுகள்.

முதலாவதைக் 'காட்டுவதற்காக' மருந்தைக் கூட்டாதீர்கள். உண்மையில் கனக்க வேண்டியவை நான்கும் ஐந்தும்தான், அவற்றுக்குச் சான்று சேர்ப்பது உங்கள் கையில் இருக்கிறது. வேலை நேரம் குறைந்த சம்பளத் துண்டுகள், 'இலகு வேலை' கொடுத்த மேலாளரின் மின்னஞ்சல், பிள்ளையின் நீச்சல் வகுப்புக்கு வேறு யாரோ கூட்டிப்போகத் தொடங்கிய மாதம், கோயிலில் பன்னிரண்டு வருடம் செய்த சமையல் தொண்டை விட்ட திகதி. வலி நாட்குறிப்பும் இதற்குத்தான். ஆனால் எப்படி எழுதுகிறீர்கள் என்பது முக்கியம். இப்படி எழுதினால் பயன் இல்லை:

"செவ்வாய். வலி 8/10. நித்திரை இல்லை. சரியான கஷ்டம்."

இப்படி எழுதினால் பயன் உண்டு:

"செவ்வாய். வலப்பக்கம் தலை திரும்பாததால் 401 இல் ஏறவில்லை, உள்வீதியால் வேலைக்கு, 35 நிமிடம் கூட. பெட்டி அடுக்கும் இடத்தில் 40 நிமிடத்தில் நிறுத்தினேன், சுப்பர்வைசர் ஸ்கானருக்கு மாற்றினார். பின்னேரம் தேங்காய் திருவ ஐந்து நிமிடம்தான் முடிந்தது, மகள் மிச்சம் செய்தா. இரவு 2:10 க்கும் 4:30 க்கும் முழிப்பு. ஒரு நப்றொக்சன்."

கிழமைக்கு இரண்டு நாள் எழுதினால் போதும். நல்ல நாட்களையும் எழுதுங்கள். வெறும் கெட்ட நாட்களால் நிரம்பிய குறிப்பை யாரும் நம்ப மாட்டார்கள். அத்துடன் நான்கு கிழமைக்கு ஒருமுறை 'கழுத்து இயலாமைச் சுட்டெண்' படிவத்தை பிசியோவில் கேட்டு நிரப்புங்கள். பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 இலிருந்து 5. ஐம்பதுக்கு 15 முதல் 24 வரை நடுத்தர இயலாமை, 25 இலிருந்து கடுமையானது. திகதியிட்ட நான்கு படிவங்கள் ஒரு வரைபடம் மாதிரி பேசும்.

ஓசிஎஃப்-18 உம் பத்து வேலை நாளும்

மிக்குக்கு வெளியே சிகிச்சை கேட்கும் படிவம் ஓசிஎஃப்-18. பல விண்ணப்பங்கள் தோற்பது இதில் எழுதும் நோய்ப்பெயரால். 'கழுத்துச் சுளுக்கு, தசை இழுபடல்' என்று மட்டும் எழுதினால், 'இது சிறு காயம்தானே' என்று நிறுவனம் அந்தப் படிவத்தையே திருப்பிக் காட்டும். நாட்பட்ட வலி, நித்திரைக் கோளாறு, கை நரம்பு அறிகுறி என்று எவை உண்மையில் இருக்கின்றனவோ அவற்றை எழுதச் சொல்லுங்கள். 'மேலதிகக் குறிப்பு' பகுதியில் ஏன் மிக் பொருந்தாது என்ற காரணமும், குடும்ப வைத்தியரின் பதிவுகளும் இணைந்திருக்க வேண்டும். குறிக்கோள் 'வலி குறைத்தல்' என்று மட்டும் நில்லாமல், 'தொடர்ந்து இருந்து வேலை செய்வது 20 நிமிடத்திலிருந்து 60 நிமிடத்துக்கு, எட்டுக் கிழமையில்' என்ற மாதிரி அளக்கக்கூடியதாக இருக்கட்டும். வெறும் சூட்டுப்பொதியும் மசாஜும் கொண்ட திட்டத்தை விட பயிற்சித் திட்டம் பலமானது.

படிவம் கிடைத்த பிறகு நிறுவனம் பத்து வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். எதை ஏற்கிறது, எதை மறுக்கிறது, மறுப்பதற்கான மருத்துவக் காரணமும் ஏனைய காரணங்களும் என்ன, மிக் பொருந்தும் என்று கருதினால் அதையும் சொல்ல வேண்டும். பதில் பிந்தினாலோ காரணம் இல்லாமல் வந்தாலோ, அந்தத் திட்டத்தைப் பொறுத்தவரை மிக் என்ற வாதத்தை நிறுவனம் எடுக்க முடியாது. பதினோராம் வேலை நாளிலிருந்து முறையான அறிவித்தல் வரும்வரை பெற்ற சிகிச்சைக்குப் பணமும் கட்ட வேண்டும். உதாரணம்: 2025 மார்ச் 3, திங்கள் கிடைத்தது என்றால் பத்தாம் வேலை நாள் மார்ச் 17, திங்கள். 18 ஆம் திகதி வரை ஒன்றும் வராவிட்டால், வரும் வரை அந்தத் திட்டத்தின்படி சிகிச்சைக்குப் போங்கள். போகாத சிகிச்சைக்கு யாரும் பணம் தரமாட்டார்கள். இந்த நாளை எண்ணிப் பார்க்கிற கிளினிக் அபூர்வம். படிவம் போய்ச் சேர்ந்த திகதியைக் கேட்டு வாங்கிக் கலண்டரில் நீங்களே குறியுங்கள்.

வெற்று ஓசிஎஃப்-18 இல் கையெழுத்து வைக்காதீர்கள். வராத நாளுக்கான வரவுத் தாளிலும் வைக்காதீர்கள். மோசடி என்ற ஆபத்து ஒருபுறம் இருக்க, செய்யாத சிகிச்சைக்குப் போகும் ஒவ்வொரு டொலரும் உங்கள் 3,500 இலிருந்துதான் கழிகிறது. எவ்வளவு மிச்சம் என்று, நிறுவனத்தில் உங்கள் கோரிக்கையைக் கையாளும் அட்ஜஸ்டரிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுத்தில் கேளுங்கள்.

நிறுவனத்தின் பரிசோதனை

மறுக்கும்போது நிறுவனம் தன் செலவில் ஒரு வைத்தியரிடம் அனுப்பலாம். போகாமல் விட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகும் வழியே அடைபடலாம். ஆகவே வராமல் இருக்க வேண்டாம், நேரம் சரிவராவிட்டால் எழுத்தில் மாற்றக் கேளுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலே எழுதுங்கள். உங்கள் ஆங்கிலம் கடைக்கும் வேலைக்கும் போதும் என்றாலும், 'விறைப்பு' பற்றிய விளக்கத்துக்குப் போதாமல் போகலாம். பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள்.

அங்கே போனதும் வந்து சேர்ந்த நேரம், உடலைத் தொட்டுப் பரிசோதித்த நிமிடங்கள், முடிந்த நேரம் மூன்றையும் குறியுங்கள். வாகனத் தரிப்பிடத்திலிருந்து நடப்பதும், கதிரையிலிருந்து எழும்புவதும், ஜக்கெற் கழற்றுவதும் பார்க்கப்படும். உள்ளே கழுத்தே திரும்பாது என்று சொல்லிவிட்டு, வெளியே காரைப் பின்னால் எடுக்கத் தலையை முழுதாகத் திருப்பினால் அறிக்கை அத்துடன் முடிந்தது. கண்காணிப்பு வீடியோவும் முகப்புத்தகமும் அதே கதைதான். கலியாண வீட்டில் ஆடிய பத்து விநாடி, பிறகு படுத்த இரண்டு நாளைக் காட்டாது.

வரும் அறிக்கையின் பிரதியை எடுத்துக்கொண்டு குடும்ப வைத்தியரிடம் போங்கள். பிழையான வரிகளுக்குப் பதில் எழுதித் தரக் கேளுங்கள். எதைப் பார்க்கவில்லை என்பதுதான் பெரும்பாலும் சொல்ல வேண்டியது: நரம்புப் பரிசோதனை செய்யப்படவில்லை, எம்ஆர்ஐ அறிக்கை வாசிக்கப்படவில்லை, வேலையின் தன்மை கேட்கப்படவில்லை.

வருமானம்

வருமான இழப்பு நன்மை முன்பிருந்த மொத்தச் சம்பளத்தின் 70 வீதம், ஆனால் கிழமைக்கு 400 டொலருக்கு மேல் இல்லை. கிழமைக்கு 500 உழைத்தவருக்கு 350, 900 உழைத்தவருக்கு 400. முதல் கிழமைக்குக் கிடையாது. 104 கிழமை வரை உங்கள் சொந்த வேலையின் முக்கிய பகுதிகளைச் செய்ய முடியாதிருப்பது அளவுகோல். அதற்குப் பிறகு உங்கள் படிப்புக்கும் அனுபவத்துக்கும் பொருந்தும் எந்த வேலையும் செய்ய முடியாதிருக்க வேண்டும். விப்லாஷ்காரர்கள் பலருக்கு அந்த இரண்டாம் வருடத்தோடு கதவு மூடும். கையில் வாங்கிய, வரியில் காட்டாத காசு கணக்கில் வராது. 2026 ஜூலை 1 இலிருந்து தொடங்கும் அல்லது புதுப்பிக்கும் பொலிசிகளில் இந்த நன்மை தெரிவுக்குரியது. எடுத்திருக்கிறீர்களா என்று விபத்துக்கு முன்பே பொலிசியைப் பாருங்கள்.

தீர்ப்பாயம்

மறுப்புக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஒவ்வொரு மறுப்புக்கும் தனிக் கடிகாரம் ஓடுகிறது. அட்ஜஸ்டரோடு இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. முதலில் வழக்கு மாநாடு என்ற சிறு கூட்டம், அதில் சமரசம் பேசப்படும், பிறகு எழுத்திலோ வீடியோவிலோ விசாரணை. சட்டச் சங்கத்தின் உரிமம் பெற்ற பராலீகலும் (சட்டத்தரணி அல்லாத சட்டப் பணியாளர்) அங்கே வாதாடலாம். மறுக்கப்பட்ட பணம் உங்களுக்கு உரியது என்று முடிவானால் மாதம் 1 வீதக் கூட்டு வட்டி சேரும். நிறுவனம் நியாயமற்று இழுத்தடித்தது என்று கண்டால் 50 வீதம் வரை மேலதிகத் தொகையும் விதிக்கலாம், ஆனால் அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். சேர்க்க வேண்டிய ஆவணங்கள்: விபத்துக்கு முந்திய மூன்று வருடமாவது உள்ளடங்கிய குடும்ப வைத்தியரின் முழுப் பதிவு, ஓஹிப் (மாகாண மருத்துவக் காப்புறுதி) சுருக்கம், மருந்தகப் பட்டியல், நிபுணர் அறிக்கைகள், வேலைப் பதிவு, சுட்டெண் படிவங்கள், நாட்குறிப்பு.

மற்றச் சாரதி மீது வழக்குப் போடுவது தனிப் பாதை. 120 நாளுக்குள் எழுத்தில் அறிவித்து, இரண்டு வருடத்துக்குள் வழக்குத் தாக்கல் செய்ய வேண்டும். வலிக்கான நட்டஈடு பெற, முக்கியமான உடல் அல்லது மனச் செயற்பாடு ஒன்றில் நிரந்தரமான, பாரதூரமான குறைபாடு என்று நிறுவ வேண்டும். நிறுவினாலும், பெரிய தொகைகள் தவிர, தீர்ப்பில் 46,000 டொலருக்கு மேல் கழித்துவிட்டே மிச்சம் தருவார்கள். விப்லாஷ் வழக்குகள் பல இந்தக் கழிவிலேயே கரைந்துபோகின்றன.

விபத்து நன்மைகளை மொத்தமாக முடித்துவிட நிறுவனம் ஒரு தொகை சொல்லும். விபத்து நடந்து ஒரு வருடம் ஆகும்வரை அப்படி முடிக்க முடியாது. கையெழுத்து வைத்தபின் மனம் மாறினால் இரண்டு வேலை நாளுக்குள் எழுத்தில் விலகலாம். அந்த இரண்டு நாளில் ஒரு கணக்குப் போடுங்கள்: கிழமைக்கு ஒருமுறை பிசியோ, மாதத்துக்கு மருந்து, வருடத்துக்கு ஒருமுறை அந்தச் சூட்டுச் சிகிச்சைக்குப் போய்வரும் செலவு, ஐந்து வருடத்தில் எவ்வளவு மிச்சமோ அதற்கு. சொன்ன தொகையிலிருந்து சட்டத்தரணியின் பங்கைக் கழித்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.